சுண்டுவிரலிலிருந்து மூளை வரை: நரம்பு மண்டலத்தை உங்கள் உடம்பிலேயே தொட்டுப் படிக்க ஒரு வழிகாட்டி

நரம்பு மண்டலப் பாடம் பெரும்பாலும் ஒரு மரப்படத்தோடுதான் தொடங்கும். மைய நரம்பு மண்டலம், புற நரம்பு மண்டலம், அதற்குக் கீழே இரண்டு கிளைகள், அவற்றுக்கும் கீழே இன்னும் இரண்டு. தேர்வுக்கு அது போதும். ஆனால் "ராத்திரியில கை மரத்துப் போகுது" என்று வீட்டில் ஒருவர் சொன்னால் அந்தப் படம் எதற்கும் உதவாது. அப்போது தெரிய வேண்டியது வழித்தடம். எந்த விரலின் உணர்வு எந்தப் பள்ளத்தின் வழியாக ஏறி, எந்த எலும்புகளுக்கு நடுவே நுழைந்து, எந்த இடத்தில் வலமிடம் மாறி, மூளையின் எந்த மடிப்பில் போய்ச் சேருகிறது? இந்தத் தடம் தெரிந்துவிட்டால், கோளாறு தடத்தின் எந்தப் பகுதியில் என்பதை வெளியிலிருந்தே ஓரளவு ஊகிக்க முடியும். நரம்பியல் மருத்துவர் சுத்தியலும் டார்ச்சும் வைத்துக்கொண்டு செய்வதும் இதைத்தான்.

ஒரு பால்பாயிண்ட் பேனா, டார்ச், இரண்டு பல்குச்சிகள், ஒரு ஐஸ் கட்டி, கூட ஓர் ஆள். இவ்வளவுதான் தேவை. எதையும் பலமாக அழுத்தவோ தட்டவோ வேண்டாம். இன்னொன்று: கையில் பச்சையாகப் புடைத்துத் தெரிவதைப் பலர் நரம்பு என்கிறார்கள். அது ரத்தக் குழாய். நாம் தேடும் நரம்பு அதைவிட ஆழத்தில், வெண்மையாக இருக்கும்.

படி 1: முழங்கைப் பள்ளம்

முழங்கையை மடக்குங்கள். உட்பக்கம், அதாவது உடம்பை ஒட்டிய பக்கம், துருத்திக்கொண்டிருக்கும் எலும்பைத் தொடுங்கள். அதற்கும் முழங்கை முனைக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கும். அதில் விரல்நுனியை மெதுவாகக் குறுக்கே உருட்டினால் கயிறு போன்ற ஒன்று நழுவும். அதுதான் அல்னார் நரம்பு. கதவில் இடித்துக்கொண்டால் "சுரீர்" என்று மின்சாரம் பாய்கிற மாதிரி இருக்குமே, அந்த இடம் இதுதான்.

இப்போது அந்தப் பள்ளத்தில் மெல்லத் தட்டுங்கள். தட்டியது முழங்கையில், ஆனால் ஜிவ்வென்று ஏறுவது சுண்டுவிரலில். ஏனென்றால் அந்த இழைகள் சுண்டுவிரலுக்கு உரியவை. செய்தி தடத்தின் எந்த இடத்தில் புறப்பட்டாலும், அது இழையின் கடைக்கோடியிலிருந்து வந்ததாகவே மூளை எடுத்துக்கொள்ளும். கழுத்தில் நரம்பு நசுங்கினால் விரலில் வலிப்பதும், வெட்டி எடுத்த காலின் பாதம் அரிப்பதாகத் தோன்றுவதும் இதே கணக்கின் தொடர்ச்சிதான்.

பேனாவை எடுத்து, சுண்டுவிரல் முழுவதையும், மோதிரவிரலில் சுண்டுவிரலை ஒட்டிய பாதியையும் கோடிட்டுக்கொள்ளுங்கள். அல்னாரின் எல்லை அதுதான். மோதிரவிரல் நடுவே பிளந்து இரண்டு நரம்புகளுக்குச் சொந்தமாக இருப்பதை மறக்காதீர்கள். நான்காவது படியில் அது தேவைப்படும்.

இந்தப் பள்ளத்துக்குத் தமிழ்நாட்டில் ஒரு வரலாறு உண்டு. தொழுநோய்க் கிருமி உடம்பின் குளிர்ச்சியான இடங்களை விரும்பும். தோலுக்கு அருகில் ஓடும் அல்னார் அதற்கு எளிதாகச் சிக்கும். நரம்பு தடித்து, பிறகு செத்து, மோதிரவிரலும் சுண்டுவிரலும் நகம்போல் வளைந்துவிடும். கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி உதிர்கின்றன என்றுதான் அப்போது பலரும் நம்பினார்கள். வலி தெரியாததால் சூடுபட்டும் வெட்டுப்பட்டும் தேய்ந்து போகின்றன என்பதை அவர் காட்டினார். நல்ல தசையின் தசைநாணை இடம்மாற்றித் தைத்து, வளைந்த விரல்களை மீண்டும் இயங்கவைத்தார். தோலில் உணர்ச்சியற்ற தேமல் இருந்தால் மருத்துவர் இன்றும் முதலில் தடவிப் பார்க்கும் நரம்புகளில் அல்னாரும் ஒன்று.

படி 2: அந்தக் கயிற்றுக்குள் என்ன?

நீங்கள் உருட்டிய கயிற்றுக்குள் ஆயிரக்கணக்கான இழைகள் உள்ளன. ஒவ்வோர் இழையும் ஒரு நரம்பணுவின் நீண்ட கை. அதன் பெயர் ஆக்சான். தொடு உணர்வைக் கொண்டுபோகும் அணுவின் உடல் முதுகெலும்பை ஒட்டிய ஒரு சிறு முடிச்சில் இருக்கும். தசையை இயக்கும் அணுவின் உடல் தண்டுவடத்துக்கு உள்ளேயே இருக்கும். சுண்டுவிரலில் இருப்பது அதன் நுனி மட்டுமே. அதனால்தான் கையில் நரம்பு அறுபட்டாலும் அணு சாகாமல், தைத்த இடத்திலிருந்து ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் என்ற வேகத்தில் மறுபடி வளர முடிகிறது. மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள இழைகளுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை.

இழைகள் எல்லாம் ஒரே வேகத்தில் செய்தி கடத்துவதில்லை. மயலின் என்ற கொழுப்பு உறை சுற்றிய தொடு உணர்வு இழைகளில் செய்தி நொடிக்கு 35 முதல் 75 மீட்டர் வரை ஓடும். உறையில்லாத மெல்லிய வலி இழைகளில் நொடிக்கு அரை மீட்டரிலிருந்து 2 மீட்டர்தான். கால் கட்டைவிரலை மேசைக்காலில் இடித்துக்கொண்டால் கவனியுங்கள். "இடித்துவிட்டோம்" என்பது உடனே தெரியும். கூர்மையான குத்தல் அதை ஒட்டியே வரும். பல்லைக் கடிக்கவைக்கும் அந்த எரிச்சல் வலி வந்துசேர ஒரு நொடிக்கு மேலும் ஆகலாம். நரம்பில் செய்தி ஓடும் வேகத்தை அளக்கவே முடியாது என்று நினைத்திருந்த காலத்தில், 1850இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி தவளையின் நரம்பில் அளந்து, நொடிக்குச் சுமார் 30 மீட்டர் என்று சொன்னபோது, இவ்வளவு மெதுவா என்பதுதான் ஆச்சரியமாக இருந்தது.

நரம்பணுக்கள் தனித்தனியானவையா, அல்லது ஒன்றோடொன்று ஒட்டிய ஒரே வலையா என்பதில் பெரிய சண்டையே நடந்தது. 1873இல் இத்தாலிய மருத்துவர் கோல்ஜி கண்டுபிடித்த வெள்ளிச் சாயத்தை வைத்துத்தான் ஸ்பெயின் நாட்டு விஞ்ஞானி ராமோன் இ காஹால் அவை தனித்தனி என்று காட்டினார். 1906இல் இருவருக்கும் நோபல் பரிசைப் பகிர்ந்து கொடுத்தார்கள். பரிசு வாங்கிய உரையிலேயே கோல்ஜி, தனித்தனி என்ற அந்தக் கொள்கையை மறுத்துப் பேசினார்!

படி 3: கையின் மற்ற இரண்டு நரம்புகள்

கட்டைவிரல், ஆள்காட்டிவிரல், நடுவிரல், மோதிரவிரலின் மீதிப் பாதி ஆகியவற்றின் உள்ளங்கைப் பக்கம் மீடியன் நரம்புக்கு உரியது. இது மணிக்கட்டில் ஒரு குறுகிய சுரங்கத்துக்குள் ஒன்பது தசைநாண்களோடு நெருக்கியடித்துக்கொண்டு நுழைகிறது. அந்தத் தசைநாண்களின் உறை கொஞ்சம் வீங்கினாலும் முதலில் நசுங்குவது நரம்புதான். இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று சேர்த்து, விரல்கள் கீழ்நோக்க, மணிக்கட்டை மடக்கி ஒரு நிமிடம் வைத்திருங்கள். அதற்குள் இந்த மூன்றரை விரல்களில் எறும்பு ஊர்ந்தால் கார்பல் டன்னல் சிக்கல் இருக்கலாம். கர்ப்பிணிகளுக்கும் தைராய்டு குறைவாக உள்ளவர்களுக்கும் இது அடிக்கடி வரும்.

மூன்றாவது ரேடியல். புறங்கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே உள்ள தோல் அதற்குரியது. மணிக்கட்டை மேலே தூக்குவதும் அதன் வேலை. மேல்கை எலும்பைச் சுற்றி ஒட்டியே போவதால், நாற்காலியின் முதுகில் கையைத் தொங்கப்போட்டு அசந்து தூங்கினால் நசுங்கிவிடும். காலையில் மணிக்கட்டு தொங்கிக்கொண்டிருக்கும். பலர் பக்கவாதம் என்று பயந்து ஓடி வருவார்கள். பெரும்பாலும் சில வாரங்களில் தானாகச் சரியாகிவிடும்.

படி 4: கழுத்துச் சந்திப்பு

இந்த மூன்று நரம்புகளும் முதுகெலும்பிலிருந்து அப்படியே நேராக வருவதில்லை. நரம்பு தண்டுவடத்திலிருந்து கிளம்பும் அடிப்பகுதியை வேர் என்பார்கள். கழுத்தின் ஐந்தாம் நரம்பு வேரிலிருந்து மார்பின் முதல் வேர் வரை, ஐந்து வேர்கள் காறை எலும்புக்குப் பின்னால் பிரிந்து, சேர்ந்து, மறுபடி பிரிகின்றன. ஒரு பெரிய ரயில்வே சந்திப்பில் ஐந்து வண்டிகளின் பெட்டிகளைக் கழற்றி வேறு வண்டிகளில் கோத்து அனுப்புவது போலத்தான். ஆகவே கைக்கு இரண்டு வரைபடங்கள் உண்டு: ஒன்று சந்திப்புக்கு முன்னால் உள்ள வேர்களுடையது, இன்னொன்று பின்னால் உள்ள நரம்புகளுடையது.

வேர் வரைபடத்தில் கட்டைவிரல் கழுத்தின் ஆறாம் வேர், நடுவிரல் ஏழு, சுண்டுவிரல் எட்டு. இதில் மோதிரவிரல் பிளக்காது. இப்போது பேனாக் கோட்டைப் பாருங்கள். ஒருவருக்கு மோதிரவிரலில் ஒரு பாதி மட்டும் மரத்து, மறுபாதி நன்றாக இருந்தால், கோளாறு சந்திப்பைத் தாண்டிய நரம்பில்தான் இருக்கும் என்று பெரும்பாலும் சொல்லலாம். விரல் முழுவதும் மரத்து, கழுத்தைத் திருப்பினால் வலி கையில் இறங்கினால், கழுத்து வேரைச் சந்தேகிக்கலாம். ஸ்கேன் எடுப்பதற்கு முன்பே இவ்வளவு தெரிந்துவிடும். ஒரு பல்குச்சி போதும்.

படி 5: முதுகை எண்ணுங்கள்

தலையைக் குனியுங்கள். கழுத்தின் அடியில் எல்லாவற்றையும்விடத் துருத்தி நிற்கும் எலும்பு பெரும்பாலும் கழுத்தின் ஏழாவது முள்ளெலும்பு. கழுத்தில் எலும்புகள் ஏழு, நரம்பு இணைகள் எட்டு. முதல் ஏழு இணைகள் தத்தம் எலும்புக்கு மேலே வெளியேறுகின்றன. எட்டாவது, ஏழாம் எலும்புக்குக் கீழே. அதற்கப்புறம் எல்லாமே அந்தந்த எலும்புக்குக் கீழேதான். கழுத்தில் 8, மார்பில் 12, இடுப்பில் 5, அதற்குக் கீழே உள்ள திரிக எலும்பில் 5, வால் எலும்பில் 1. மொத்தம் 31 இணைகள்.

இனி இடுப்பின் இரண்டு பக்கமும் கையை ஊன்றுங்கள். இடுப்பெலும்பின் உச்சிகளை இணைத்துப் பின்னால் ஒரு கோடு இழுத்தால் அது இடுப்பின் நான்காம் முள்ளெலும்பை ஒட்டிப் போகும். மயக்க மருத்துவர் சிசேரியனுக்கு முதுகில் ஊசி போடும் முன் தடவிப் பார்ப்பது இந்தக் கோட்டைத்தான். தண்டுவடம் முதுகெலும்பின் முழு நீளத்துக்கும் ஓடுவதில்லை. சுமார் 45 சென்டிமீட்டர் நீளம்தான். பெரியவர்களுக்கு அது இடுப்பின் முதல் அல்லது இரண்டாம் எலும்பு மட்டத்திலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே தண்டுவடத் திரவத்தில் மிதக்கும் நரம்பு வேர்களின் கொத்து மட்டுமே இருக்கும். அதற்குக் குதிரைவால் என்று பெயர். ஊசி இறங்குவது அந்தப் பகுதியில். "முதுகுத்தண்டுல ஊசி குத்திட்டா கால் விளங்காம போயிடும்" என்று பிரசவத்துக்குப் போகும் பெண்ணைப் பயமுறுத்தும் அத்தைகளுக்கு இந்தக் கோட்டை ஒருமுறை காட்டலாம்.

அந்தத் திரவம் மூளையைச் சுற்றியும் இருக்கிறது. எந்த நேரத்திலும் சுமார் 150 மில்லிலிட்டர் இருக்கும். ஒரு நாளில் 500 மில்லிலிட்டர் சுரப்பதால், மூன்று நான்கு முறை முழுவதுமாக மாறிவிடுகிறது.

படி 6: முழங்காலில் ஒரு தட்டு

உயரமான மேசையில் உட்கார்ந்து கால்களைத் தொங்கவிடுங்கள். முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள நாணைக் கூட இருப்பவர் உள்ளங்கையின் பக்கவாட்டால் லேசாகத் தட்டட்டும். கால் உதறும். நாணோடு சேர்ந்து தசை இழுபட்ட செய்தி இடுப்பின் மூன்றாம், நான்காம் வேர்கள் வழியாகத் தண்டுவடத்துக்குள் போய், நேராகத் தசையை இயக்கும் அணுவைத் தொட்டுத் திரும்புகிறது. நடுவே வேறு அணு இல்லை. மூளைக்கும் செய்தி போகும், ஆனால் அது போய்ச் சேர்வதற்குள் கால் உதறிவிடும்.

உதறவில்லையா? இரண்டு கை விரல்களையும் கொக்கி போலக் கோத்து எதிரெதிராக இழுத்தபடி தட்டச் சொல்லுங்கள். இப்போது உதறும். ஹங்கேரிய மருத்துவர் யெண்ட்ராசிக் காட்டிய உத்தி இது. உதறல் இல்லாமல் போனால் வேரிலோ நரம்பிலோ கோளாறு இருக்கலாம். அளவுக்கு மீறி உதறினால், மேலிருந்து அடக்கிவைக்கும் மூளை அல்லது தண்டுவடப் பாதை பழுதாகியிருக்கலாம்.

படி 7: மேலே ஏறும் இரண்டு பாதைகள்

கண்ணை மூடிக்கொள்ளுங்கள். கூட இருப்பவர் உங்கள் கால் கட்டைவிரலைப் பக்கவாட்டில் பிடித்து மேலேயோ கீழேயோ அசைக்கட்டும். எந்தத் திசை என்று சொல்லிவிடுவீர்கள். அடுத்து அதே பாதத்தில் ஐஸ் கட்டி வைக்கட்டும். இரண்டும் ஒரே பாதத்திலிருந்து வந்தாலும் வெவ்வேறு பாதையில் போகின்றன. விரலின் நிலையும் மென்மையான தொடுதலும் தண்டுவடத்தின் பின்பகுதியில் அதே பக்கமாக ஏறி, மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில்தான் எதிர்ப்பக்கம் மாறுகின்றன. வலியும் குளிரும் தண்டுவடத்துக்குள் நுழைந்த சிறிது தூரத்திலேயே எதிர்ப்பக்கம் தாவிவிடுகின்றன.

இதனால் ஒரு விநோதம். தண்டுவடத்தின் வலது பாதி மட்டும் வெட்டுப்பட்டால், காயத்துக்குக் கீழே வலது கால் அசையாது, அதன் விரல் எங்கே இருக்கிறது என்றும் தெரியாது. வலியும் சூடும் தெரியாமல் போவதோ இடது காலில்! பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரௌன் செக்வார் என்ற மருத்துவர் இதை விளக்கினார். இன்றும் அவர் பெயரில்தான் வழங்குகிறது.

இரண்டு பாதைகளும் மூளையின் நடுவே உள்ள தலாமஸ் என்ற இடைநிலையத்தில் நின்று, பெருமூளையின் நடுப்பள்ளத்துக்குப் பின்னால் உள்ள மடிப்பில் முடிகின்றன. அங்கே உடம்பு முழுவதும் வரையப்பட்டிருக்கிறது, ஆனால் அளவு கோணல்மாணல். மான்ட்ரியாலில் வைல்டர் பென்ஃபீல்ட் என்ற மூளை அறுவை மருத்துவர், விழித்திருக்கும் நோயாளிகளின் மூளையில் மெல்லிய மின்சாரம் கொடுத்து அந்தப் படத்தைத் தேடி எடுத்தார். நீங்கள் பல்குச்சிகளைக் கொண்டே அதைச் சோதிக்கலாம். இரண்டு குச்சி முனைகளையும் 3 மில்லிமீட்டர் இடைவெளியில் விரல்நுனியில் வைத்தால் இரண்டு என்று தெரியும். முதுகில் வைத்தால் சுமார் 4 சென்டிமீட்டர் விலக்கும் வரை ஒன்றாகவே தோன்றும். விரலுக்கும் உதட்டுக்கும் மூளையில் பெரிய இடம், முதுகுக்குச் சின்ன இடம்.

படி 8: கீழே இறங்கும் கட்டளை

அதே நடுப்பள்ளத்துக்கு முன்னால் உள்ள மடிப்பிலிருந்து தசைகளுக்கான கட்டளை இறங்குகிறது. இழைகளெல்லாம் மூளையின் ஆழத்தில் இன்டர்னல் கேப்சூல் என்ற குறுகிய இடுக்கில் நெருங்குகின்றன. ஒரு சின்ன ரத்தக் குழாய் அங்கே அடைத்தாலும் முகம், கை, கால் மூன்றும் சேர்ந்து விழுவது அதனால்தான். பிறகு முகுளத்தின் அடியில் பத்தில் ஒன்பது பங்கு இழைகள் பக்கம் மாறுகின்றன. இடது மூளை பாதித்தால் வலது கை செயலிழப்பது இங்கே தீர்மானமாகிறது.

தலையின் பின்புறம் கீழே இருக்கும் சிறுமூளை மட்டும் தன் பக்கத்து உடம்பையே கவனிக்கிறது. மனித மூளையில் உள்ள சுமார் 8,600 கோடி நரம்பணுக்களில் ஏறக்குறைய 6,900 கோடி இந்தச் சின்ன உருண்டைக்குள்தான் அடைந்துகிடக்கின்றன. ஒரு கை மேல் மறு கையை வைத்து உள்ளங்கை, புறங்கை என்று வேகமாகத் திருப்பிப் போடுங்கள். அந்தத் தாளத்தைக் காப்பது சிறுமூளை. மது முதலில் குலைப்பவற்றில் இதுவும் ஒன்று.

படி 9: தலைக்குள்ளேயே முடியும் தடங்கள்

மூளையிலிருந்து நேராகக் கிளம்பும் 12 இணை நரம்புகளின் பட்டியலைப் பிறகு மனப்பாடம் செய்துகொள்ளலாம். மூன்று சோதனைகள் மட்டும் பாருங்கள்.

மங்கலான அறையில் ஒருவரின் வலது கண்ணில் மட்டும் டார்ச் அடியுங்கள். இரண்டு கண்மணிகளும் சுருங்கும். ஒளியை உள்ளே கொண்டுபோவது இரண்டாம் நரம்பு, சுருக்கும் கட்டளையைக் கொண்டுவருவது மூன்றாம் நரம்பு. தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ் மணிக்கணக்கு வைத்து டார்ச் அடிப்பது இதற்காக. மூளை வீங்கி அந்த மூன்றாம் நரம்பை அழுத்தினால் கண்மணி விரிந்து அப்படியே நின்றுவிடும்.

அடுத்து, இந்த வரியைப் படித்துக்கொண்டே தலையை இடமும் வலமும் வேகமாக ஆட்டுங்கள். படிக்க முடியும். இப்போது தலையை அசைக்காமல் போனை அதே வேகத்தில் ஆட்டுங்கள். எழுத்து கலங்கிவிடும். முதல் முறை உள்காது மூளைத்தண்டுக்குச் செய்தி அனுப்பி, அது கண்களை எதிர்த்திசையில் திருப்பிக்கொண்டே இருந்தது. பார்வையை மட்டும் நம்பியிருந்தால் அந்த வேகம் வராது.

மூன்றாவது, நெற்றியைச் சுருக்கிப் பாருங்கள். நெற்றித் தசைக்கு மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் கட்டளை வருகிறது, வாய்ப்பகுதிக்குப் பெரும்பாலும் எதிர்ப்பக்கத்திலிருந்து மட்டும். ஆகவே பக்கவாதத்தில் வாய் கோணினாலும் நெற்றி சுருங்கும். முக நரம்பே பழுதான பெல் வாதத்தில் நெற்றியும் சுருங்காது, கண்ணும் மூடாது. ஆனால் இதை வைத்து வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். வாய் கோணினால் உடனே மருத்துவமனைதான்.

தானாக இயங்கும் பகுதிக்கு ஒரு சோதனை போதும். மணிக்கட்டில் நாடியைப் பிடித்தபடி மெதுவாக, ஆழமாக மூச்சு விடுங்கள். உள்ளிழுக்கும்போது நாடி கொஞ்சம் விரையும், வெளிவிடும்போது தளரும். இதயத்துக்கு வேகத்தடை போடுவது பத்தாம் இணையான வேகஸ் நரம்பு. 1921இல் ஓட்டோ லோவி என்ற விஞ்ஞானி ஒரு தவளை இதயத்தின் வேகஸைத் தூண்டி, அது மூழ்கியிருந்த திரவத்தை வேறொரு இதயத்தில் விட்டார். அதுவும் தளர்ந்தது. நரம்பு வேதிப்பொருள் மூலம் பேசுகிறது என்பது அப்படித்தான் நிரூபணமானது.

படி 10: காலுக்கு

புட்டத்தின் ஆழத்தில் உடம்பிலேயே தடிமனான சயாடிக் நரம்பு இறங்குகிறது. அங்கே ஊசி போட வேண்டுமென்றால், புட்டத்தை நான்காகப் பிரித்து, மேல் வெளிப்புறப் பங்கில் போடச் சொல்வது அதைத் தவிர்க்கத்தான். அதன் ஒரு கிளை முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்க எலும்புக் குமிழை அடுத்து, தோலுக்கு அடியிலேயே சுற்றி வருகிறது. தொட்டுப் பார்க்கலாம். நெடுநேரம் சம்மணம் போட்டோ குந்தியோ உட்கார்ந்தால் பாதம் மரத்துப்போவதில் இந்த இடத்துக்குப் பங்குண்டு. வயலிலும் தரை வேலையிலும் மணிக்கணக்கில் குந்தியிருப்பவர்களுக்கு முன்பாதமே தூக்க முடியாமல் தொங்கிவிடுவதும் உண்டு.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த நோய் நீளமான இழைகளை முதலில் தாக்கும். அதனால் மரமரப்பு இரண்டு பாதங்களிலும் விரல்நுனியில் தொடங்கி, முழங்கால் பக்கம் ஏறும் சமயத்தில்தான் கை விரல்களில் ஆரம்பிக்கும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, காலுறை போட்ட அளவில் என்றால் எந்த ஒரு நரம்பும் நசுங்கவில்லை என்று அர்த்தம். உணர்வு குறைந்த பாதத்தில் முள் குத்தியதும் செருப்பு கடித்ததும் தெரியாது. தினமும் ஒருமுறை பாதத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

காத்திருக்கக் கூடாத இரண்டு நிலைகள்

முதுகுவலியோடு, சைக்கிள் சீட்டில் படும் பகுதி மரத்துப்போய், சிறுநீர் பிரியாமல் நின்றால் குதிரைவால் வேர்கள் நசுங்குகின்றன. அன்றே அறுவை சிகிச்சை தேவைப்படலாம். வலி மாத்திரை போட்டுக்கொண்டு விடியட்டும் என்று இருக்கக் கூடாது.

திடீரென வாய் கோணல், ஒரு கை விழுதல், பேச்சுக் குழறல் என்றால் தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று ஸ்கேனில் உறுதி செய்த பிறகே அதைப் போடுவார்கள். போனவுடன் மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தார்?" என்பது. எழுந்திருக்கும்போதே கை விழுந்திருந்தால், படுக்கப்போன நேரத்தைச் சொல்லுங்கள். கணக்கு அங்கிருந்துதான் தொடங்கும்.